மதுவும் மஜ்லிஸும்

கப்பலில் பணிபுரியும் என் தங்கை மகன் விடுமுறைக்குக் கந்தர்வக்கோட்டை வந்திருந்தான். ஒரு நாள் மஃரிபுத் தொழுகை முடிந்து இருவரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். "மாமா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆகுமா ஆகாதா என்று கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும். மனம் ஒரு நியாயம் கேட்கிறது" என்று தொடங்கினான்.

அவனுடைய கப்பல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடில், பாயிண்ட் லீசாஸ் துறைமுகத்தில் சில நாட்கள் நின்றிருக்கிறது. கரையிறங்கிய தோழர்கள், "இந்தத் தீவின் வாழ்க்கையை உள்ளபடி பார்க்க வேண்டுமானால் கடற்கரை விடுதிகளுக்குப் போகாதே, தெருமுனையில் இருக்கும் ரம் கடைக்கு வா" என்று அழைத்தார்களாம். வழிகாட்டி நூல்களும் பயணிகளுக்கு இதைத்தான் சொல்கின்றன. ரம் கடை என்பது கரீபியன் தீவுகள் எங்கும் காணப்படும் சிறு கடை. மதுக் கம்பெனிகளின் வண்ண விளம்பரம் தீட்டிய சுவர், உள்ளே ஒரு நீள மேசை, நாலைந்து நாற்காலிகள், டாமினோக் கட்டைகளை ஓங்கி அடிக்கும் ஓசை. பல கடைகளில் அரிசியும் ரொட்டியும் உப்புமீனும் கூட விற்கும். கிரிக்கெட், அரசியல், ஊரில் யார் இறந்தார், யார் வீட்டில் திருமணம், எல்லாம் அங்கேதான் பேசப்படும்.

இவன் வாசல்வரை போயிருக்கிறான். உள்ளிருந்த முதியவர் ஒருவர், இந்திய வம்சாவளியினர், இவன் முகத்தைப் பார்த்ததும் எந்த நாடு என்று கேட்டிருக்கிறார். மதராஸ் பக்கம் என்றதும் எழுந்து வந்து, தம் நாற்காலியைத் தாமே தூக்கி வந்து வெளித்தாழ்வாரத்தில் போட்டாராம். "குடிக்க வேண்டாம் தம்பி, குளிர்பானம் வாங்கித் தருகிறேன், சற்று உட்கார்ந்து பேசு" என்று கேட்டிருக்கிறார். இவன் தலையை அசைத்துவிட்டு விறுவிறு என்று துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டான்.

"அவர் முகம் வாடிவிட்டது, மாமா. நான் மதுவை மறுத்தேனா, மனிதரை மறுத்தேனா? அதுதான் எனக்கு விளங்கவில்லை."

என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. அவன் கேட்ட கேள்வி டிரினிடாடில் பிறந்ததாயினும், இந்த ஊரில் நான் செய்த ஒரு தவற்றின் மேல் வந்து விழுந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் அந்தக் கடையை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மக்களின் வாழ்க்கையை அவர்கள் கூடும் இடத்தில் காணலாம் என்பது பொய்யன்று. ஆனால் கூடும் இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கரீபியன் தீவுகளின் ரம், கரும்புத் தோட்டத்தின் குழந்தை. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பாகைப் புளிக்க வைத்து வடித்ததே ரம். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் அந்தக் கரும்பை வெட்டினார்கள். அவர்களுக்கு உணவோடு உணவாக ரம்மும் அளந்து ஊற்றப்பட்டது. உடல்வலி மறக்க வேண்டும், மறுநாள் வேலைக்கு எழவேண்டும் என்பதே அந்த அளவையின் கணக்கு.

1834இல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விடுதலை 1838இல் முழுமையானதும் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் நம் நாட்டவர் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும், 1845 மே 30ஆம் நாள் டிரினிடாடுக்கும் முதற் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினீக்குக்கு 1853இலும் குவாதலூப்புக்கு 1854இலும் கப்பல்கள் போகத் தொடங்கின. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர் திரள்திரளாக அங்கே போனார்கள். சென்னைத் துறையிலிருந்து போனவர்களை அத்தீவுகளில் 'மதராஸி' என்றே அழைத்தார்கள். முஸ்லிம்களும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். இந்த முறை 1917இல்தான் நிறுத்தப்பட்டது.

தோட்டத்தில் வாரக்கூலி வாங்கியவன் கால் வலிக்க நடந்து வரும் வழியில் ரம் கடை நின்றது. அரிசியும் அங்கே, கடனும் அங்கே, மதுவும் அங்கே. அவன் வெட்டிய கரும்பிலிருந்து வடித்ததையே அவன் கூலியைக் கொடுத்து வாங்கிக் குடித்தான். பணம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போயிற்று. வீட்டிலே மனைவி அடுப்பை மூட்டாமல் காத்திருந்தாள். இன்று அயல்நாட்டுப் பயணி ஒருவர் ஒரு மாலைப்பொழுது அங்கே அமர்ந்து, இரண்டு மிடறு குடித்து, சிரித்து, படம் எடுத்துக்கொண்டு, "தீவின் ஆன்மாவைக் கண்டேன்" என்று ஊருக்கு எழுதுகிறார். அவர் கண்டது மாலையை மட்டும். மறுநாட் காலை அவருக்குத் தெரியாது. அந்தக் காலையைக் காண்பவள் கடைக்கு வராத ஒருத்தி.

இதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். இரண்டாம் உலகப் போரின்போது டிரினிடாடில் அமெரிக்கப் படைத்தளங்கள் இருந்தன. சிப்பாய்களின் டாலருக்காக அந்தத் தீவின் குடும்பங்கள் எப்படிச் சீரழிந்தன என்பதை 1943இல் லார்டு இன்வேடர் என்ற கலிப்ஸோப் பாடகர் கசப்போடு பாடினார். 'ரம் அண்டு கோகோ கோலா' என்பது அந்தப் பாட்டின் பெயர். 1945இல் ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பாடிய இசைத்தட்டாக அது அமெரிக்கா முழுவதும் ஒலித்தது. மக்கள் அதற்கு ஆடினார்கள். பாட்டின் உரிமைக்காக நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. ஒரு தீவின் புலம்பல் இன்னொரு நாட்டின் கேளிக்கையாக மாறியது. விருந்தாளியாக வந்து சுவைத்துவிட்டுப் போகிறவனுக்கும், அந்த மண்ணிலேயே இருந்து விலை கொடுக்கிறவனுக்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு நியாயம் ஒன்றை மறைக்கக் கூடாது. ரம் கடைக்குப் போகிறவர் எல்லாரும் மதுவுக்காக மட்டுமே போவதில்லை. நாள் முழுதும் ஒருவராலும் பெயர் சொல்லி அழைக்கப்படாதவன், அங்கே போனால் அழைக்கப்படுகிறான். திருமறையே இதை அறிந்து பேசுகிறது. மதுவையும் சூதையும் பற்றி மக்கள் கேட்டபோது, அவற்றில் பெரும்பாவமும் உண்டு, மனிதர்க்குச் சில பயன்களும் உண்டு, ஆனால் பயனைவிடப் பாவமே பெரிது என்று அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் விளக்கம் தருகிறது. பயனே இல்லை என்று படைத்தவன் சொல்லவில்லை. விலக்கப்போகும் பொருளில் இருந்த நன்மையையும் ஒப்புக்கொண்ட பிறகே விலக்கினான். நம்முடைய பேச்சாளர்கள் மதுவைக் கண்டிக்கும்போது இந்த நேர்மையைக் கைக்கொள்வது அரிதாகவே இருக்கிறது.

அந்தப் பயன்களுள் தோழமையும் ஒன்று என்று நான் எண்ணுகிறேன். அப்படியானால் மதுவை விலக்கிய மார்க்கம் தோழமைக்கு என்ன வழி செய்தது?

மதீனாவில் விலக்கு வந்த நாளை நினைத்துப் பாருங்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் நண்பர்கள் கூடியிருந்தார்கள். சிறுவரான அனஸ் (ரலி) அவர்கள் பேரீச்ச மதுவை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீதியிலே அறிவிப்பாளரின் குரல் கேட்டது. விலக்கப்பட்டது என்று அறிந்ததும் மது அப்படியே வெளியே கொட்டப்பட்டது. மதீனாவின் தெருக்களில் ஓடிற்று என்று நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. இந்த நிகழ்ச்சியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனிப்பதில்லை. மதுதான் கொட்டப்பட்டது, கூடியிருந்தவர்கள் கலைந்து தனியர்களாகிவிடவில்லை. அவர்களுக்குப் பள்ளிவாசல் இருந்தது. வீடில்லாதவர் தங்கத் திண்ணை இருந்தது. ஐவேளையும் தோளோடு தோள் நிற்க வரிசை இருந்தது. பெருமானார் (ஸல்) அவர்களோ வந்தவரிடம் முகம் கொடுத்துப் பேசினார்கள். கிண்ணம் போன இடத்தில் வெறுமை வரவில்லை.

கூடுவதற்கு மனிதன் எப்படி ஏங்குகிறான் என்பதற்குக் காப்பியின் வரலாறும் சான்று. பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்கக் காப்பி அருந்தினார்கள். அது மக்காவுக்கு வந்து, மக்கள் காப்பி அருந்தக் கூடத் தொடங்கியதும், 1511இல் அங்கிருந்த அதிகாரி காயிர் பேக் அதற்குத் தடைபோட்டார். போதை தராத அந்தப் பானத்தைவிட, அதைச் சுற்றிக் கூடிய கூட்டமே அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். டிரினிடாடிலும் இதே கதைதான். ரம் கடைக்கு உரிமம் கொடுத்து வரி வாங்கிய அதே காலனி அரசு, 1884 அக்டோபர் 30ஆம் நாள் சான் பெர்னாண்டோவில் முஹர்ரம் ஊர்வலம் வந்த தோட்டத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. குறைந்தது 16 பேர் மாண்டார்கள். முஹர்ரம் ஊர்வலம் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு விஷயம். மறதியில் கூடியவர்களுக்கு அனுமதி கொடுத்தவர்கள், நினைவில் கூடியவர்களைச் சுட்டார்கள் என்பதே இங்கே நாம் காண வேண்டியது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் இருக்கும் கந்தர்வக்கோட்டைக்கு ஒரு வெளிநாட்டார் வந்து, "இங்குள்ளவர்களின் வாழ்க்கையை எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டால் நான் தேநீர்க் கடைப் பலகையைக் காட்டுவேன். விடியற்காலையில் கொல்லைக்குப் போகிறவரும், தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நிற்கிறவரும், சுபுஹு முடித்து வருகிறவரும் அங்கே ஒன்றாக அமர்கிறார்கள். முந்திரி விலை, கடலை விலை, மழை, பத்திரிகைச் செய்தி, எல்லாம் அந்தப் பலகையில் அலசப்படும். நம் வாழ்க்கையின் மஜ்லிஸ் அது என்று பெருமையோடு சொல்வேன்.

ஆனால் அந்தப் பெருமைக்கும் ஒரு வடு உண்டு. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் 2022 டிசம்பரில் வேங்கைவயலின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை வெளியானது. விசாரிக்கச் சென்ற மாவட்ட அதிகாரிகள், பக்கத்தில் உள்ள இறையூரின் தேநீர்க் கடையொன்றில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனிக்குவளை வைக்கும் வழக்கம் இருந்ததையும் கண்டு வழக்குப் பதிவு செய்தார்கள். தேநீரில் மயக்கமில்லை; ஆனால் அதைக் கொடுத்த கையில் ஆணவம் இருந்தது. அந்தத் தேயிலையும் தோட்டக் கூலிகளாகப் போன நம் மக்கள் மலைகளில் இரத்தம் சிந்தி வளர்த்த பயிர்தான். ஆகவே பானம் ஆகுமானதாக இருப்பது மட்டும் ஒரு மஜ்லிஸைத் தூய்மையாக்கிவிடாது. அங்கே யாருக்கு இடம் உண்டு என்பதும் தூய்மையின் அளவுகோல்.

பலகையில் இடம் கிடைக்காதவன் எங்கே போவான்? அவனுக்கென்று திறந்திருக்கும் கதவு ஒன்று நம் மாநிலத்தில் உண்டு. 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. பின்னர் மூடியும் திறந்தும் வந்த கதை, 2003இல் அரசே சில்லறைக் கடைகளை நடத்தும் நிலைக்கு வந்து நின்றது. 2023–24ஆம் ஆண்டில் மதுவின் மூலம் தமிழக அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் அதிகம். கூலி புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் கரும்புத் தோட்டக் கணக்கு நமக்கு அந்நியமானதன்று. அந்தக் கடையின் பக்கத்து அறையிலும் சாதியோ வறுமையோ கேட்கப்படுவதில்லை. காசு மட்டும் கேட்கப்படுகிறது. அங்கே அமர்பவனுக்கு நம் பலகை தராத ஒன்றை அது தருவதாகத் தோன்றிவிடுகிறது.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன்.

எனக்கு ஒரு தோழர் இருந்தார். இருவரும் ஒரே மதரஸாவில் ஓதினோம். தையல் வேலை செய்தார். சிறிதளவு முந்திரிக் கொல்லையும் இருந்தது. ஆயத்த ஆடைகள் வந்தபின் தையல் குறைந்தது. மனைவி இறந்தார். பிள்ளைகள் வெளியூரில் இருந்தார்கள். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் அடித்தபோது அவருடைய முந்திரி மரங்கள் ஒன்றுவிடாமல் சாய்ந்தன. பல நாட்கள் ஊரில் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் நாங்கள் எல்லாரும் ஒன்றாகவே இருந்தோம். சாலையில் விழுந்த மரங்களை வெட்டினோம். ஓர் அடுப்பில் சமைத்து உண்டோம். இருட்டில் அமர்ந்து பேசினோம். அப்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பிறகு மின்சாரம் வந்தது. அவரவர் வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. அவர் வீட்டில் விளக்குப் போட ஆளில்லை.

சில மாதங்களில் அவர் மதுக்கடைப் பக்கம் போகிறார் என்று பேச்சு வந்தது. நானே ஒருநாள் கண்டேன். கண்டும் காணாதவன்போல் நடந்தேன். ஸலாம் சொல்வதை நிறுத்தினேன். மார்க்கப் பற்று என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு மாலை அவர் தெளிந்த நிலையில் எங்கள் தேநீர்க் கடைக்கு வந்தார். பலகையில் நாலு பேர் இருந்தோம். சற்று நகர்ந்தால் ஐந்தாம் ஆளுக்கு இடம் உண்டு. ஒருவரும் நகரவில்லை. அவர் நின்றபடியே தேநீரைக் குடித்தார். காசை வைத்தார். என்னைப் பார்த்து, "வரட்டுமா மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கே போனார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தடுத்துக் கையைப் பிடிக்க ஒருவரும் எழவில்லை.

ஈரல் கெட்டு அடுத்த ஆண்டே அவர் மௌத்தானார். ஜனாஸாவுக்கு ஊரே திரண்டது. பலகையில் ஒரு சாண் இடம் தராத நாங்கள் அவருடைய சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொள்ள முந்தினோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்ற ஒருவர் இருந்தார். நாயகத்தையே சிரிக்கவைக்கும் இயல்பினர். மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்டும் மறுபடி மறுபடி அதே குற்றத்தில் பிடிபட்டார். கூடியிருந்தவர்களில் ஒருவர் வெறுத்துப்போய் அவரைச் சபித்தார். பெருமானார் உடனே தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்று கூறினார்கள். இதே போன்ற மற்றொரு நிகழ்ச்சியில், உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் கடிந்துரைத்தார்கள். தண்டனை தண்டனையாக இருந்தது, சட்டம் வளைக்கப்படவில்லை. ஆயினும் அந்த மனிதருக்குரிய இடம் பறிக்கப்படவும் இல்லை. ஷைத்தானுக்கு உதவுவது என்றால் என்னவென்று நான் அந்தப் பலகையில் அமர்ந்திருந்து கற்றேன். கிண்ணத்தை நீட்டுவது மட்டும் உதவியன்று. நகராமல் இருப்பதும் உதவிதான்.

"அப்படியானால் குடிப்பவரோடு போய் உட்கார வேண்டுமா?" என்று நண்பர்கள் கேட்கலாம். இல்லை. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற நபிமொழி தெளிவானது. 'அனுபவம்' என்ற பெயரில் மதுக்கடைக்குள் நுழைவதற்கு நான் வழி தேடவில்லை. அந்த வாழ்க்கையை அறிய வேண்டுமானால் அதன் விலையைக் கொடுப்பவர்களிடம், அந்த வீட்டுப் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் கேட்டறியலாம். கடைக்குள் போக மாட்டோம் என்பது நம் உறுதி. அந்த உறுதிக்கு ஒரு மறுபாதி இருக்கிறது: கடைக்கு வெளியே அவன் அமர நாம் இடம் வைத்திருக்க வேண்டும். மறுபாதியை நிறைவேற்றாதவனுடைய முதற்பாதி வெறும் தற்பெருமையாகிவிடும்.

என் தங்கை மகனிடம் இவையெல்லாம் சொன்னேன். கடைசியாக, "கிண்ணத்தை மறுத்தது சரி. உள்ளே போகாததும் சரி. ஆனால் அந்த முதியவர் நாற்காலியை வெளியே அல்லவா கொண்டுவந்து போட்டார்! உன் மார்க்கத்தை மதித்து அவரே மதுவை விட்டு நாலு அடி நடந்து வந்திருக்கிறார். அந்த நாலு அடியை நீ பார்த்திருக்க வேண்டும். தாழ்வாரத்திலும் தயக்கமாக இருந்தால், 'வாருங்கள் பெரியவரே, அந்த மரத்தடிக்குப் போவோம்' என்று கையைப் பிடித்திருக்கலாம். நூறு ஆண்டுக்கு முன் கப்பலேறிய யாருடைய பேரனோ அவர். மதராஸ் என்ற ஒரு சொல்லுக்காக எழுந்து வந்தவர்" என்றேன். ஃபத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னேன்.

அவன் சற்று நேரம் பேசாமல் நடந்தான். "அடுத்த முறை அந்தத் துறைமுகத்துக்குப் போனால் அவரைத் தேடுவேன், மாமா" என்றான். அவனுக்கு அடுத்த முறை ஒன்று இருக்கிறது. எனக்கு இல்லை.

அல்முஜாதலா அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தில் இறைவன் மஜ்லிஸ்களைப் பற்றியே பேசுகிறான். அவைகளில் நகர்ந்து இடம் கொடுங்கள் என்று கூறப்பட்டால் இடம் கொடுங்கள். அல்லாஹ் உங்களுக்கு இடத்தை விசாலமாக்குவான் என்பது அதன் கருத்து. அந்த வசனத்தை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். ஒரு தேநீர்க் கடைப் பலகையில் அதை நிறைவேற்றும் வாய்ப்பு வந்தபோது தவறவிட்டேன். இப்போது அந்தப் பலகையில் அமரும்போதெல்லாம் சற்று ஓரமாகவே அமர்கிறேன்.